செருப்பை வெளியே விடுவதும் ஆங்கில இலக்கணமும்

கேள்வி: கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறேன். வாசல் பலகையில் ஆங்கிலத்தில் மூன்று விதிகள் எழுதியிருந்தேன். முதல் வரி, 'எவ்ரி கெஸ்ட் மஸ்ட் லீவ் தெயர் ஷூஸ் அவுட்சைட்'. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான என் பெரியப்பா 'தெயர்' (அவர்களுடைய) என்பதை அடித்து 'ஹிஸ்' (அவனுடைய) என்று திருத்தினார். "எவ்ரி ஒருமை, தெயர் பன்மை. இது இலக்கணமே அல்ல" என்றார். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் பலகையைப் படித்துவிட்டு, "அப்படியானால் நான் செருப்போடு உள்ளே வரலாமா?" என்று சிரித்தார். யார் சொல்வது சரி? ஆங்கில இலக்கணம் மாறிவிட்டதா? 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' (தேவையானதைச் செய்யவும்) என்று நான் மின்னஞ்சலில் எழுதுவதைப் பார்த்தும் சிலர் சிரிக்கிறார்கள். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கையும் குழம்பிக் கிடக்கிறாள். இனி எதை நம்பி எழுதுவது? பலகையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, பெரியப்பாவைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனமில்லை. நானும் ஒரு காலத்தில் அவர் கட்சிதான். இதே மலையில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். 'எவ்ரி', 'ஈச்', 'எனிபடி' என்று எது கண்ணில் பட்டாலும் அதற்குப் பின்னால் 'தெயர்' வருகிறதா என்று தேடி, வந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டு அரை மதிப்பெண் கழித்த கை இது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதுகு பிய்ந்து ஊசிநூலால் தைத்த 'ரென் அண்ட் மார்ட்டின்' ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்று பெரியப்பாவின் அலமாரியிலும் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். 1930களில் வந்த புத்தகம் அது. இன்றும் நம் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் அதை வாங்குகிறார்கள்.

அந்தக் கை முதன்முதலில் தடுமாறியது பூம்பாறைச் சிறுமி ஒருத்தியின் கட்டுரை நோட்டில். ஒன்பதாம் வகுப்பு, தலைப்பு 'எங்கள் ஊர்'. 'எங்கள் ஊரில் ஒவ்வொரு விவசாயியும் பூண்டைப் பிடுங்கியதும் தெயர் அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். வழக்கம்போல் 'தெயர்' போய் 'ஹிஸ்' வந்தது. நோட்டை வாங்கிக்கொண்டு போனவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். "டீச்சர், எங்கள் வீட்டில் பூண்டு வைப்பதும் பிடுங்குவதும் தொங்கவிடுவதும் அம்மா. அப்பா கேரளாவில் வேலை செய்கிறார். 'ஹிஸ்' என்று போட்டால் பொய்யாகிவிடுமே" என்றாள். "இலக்கணத்தில் ஆண்பால் இரு பாலுக்கும் பொது" என்று நான் ஒப்பித்தேன். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முகத்தில் சமாதானம் இல்லை. அரை மதிப்பெண்ணை நான் திருப்பிப் போடவும் இல்லை. இன்றைக்கென்றால் போட்டிருப்பேன்.

அந்த விதி எந்த ஊர் விதி என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ஒருவரைக் குறிக்க 'தே', 'தெயர்' என்று சொல்வது நேற்றைய அமெரிக்கப் பழக்கம் என்று நினைத்திருந்த எனக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. அது 14ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. அக்காலக் கவிஞர் சாசரிடம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில், ஒவ்வொருவருக்கும் அவரவர் மனம் விரும்பியதைக் கடவுள் கொடுக்கட்டும் என்று ஒரு பணிப்பெண் சொல்லும் இடத்தில் 'எவ்ரி ஒன்' என்பதை அடுத்து வருவது 'தெயர்'தான். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தயக்கமே இல்லாமல் அப்படி எழுதியிருக்கிறார். இவர்கள் யாரும் என் வகுப்பில் தேறியிருக்க மாட்டார்கள்.

அது தவறு என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்களோடு வேரூன்றியது. பொதுவாகச் சொல்லும்போது ஆண்பாலே இருபாலுக்கும் போதும் என்று அச்சில் முதலில் எழுதிவைத்தவர்களில் ஆன் ஃபிஷர் என்ற பெண்மணியும் ஒருவர். இதை என்னவென்று சொல்ல? 1850ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று ஒரு சட்டமே இயற்றியது. அதன் வாரிசு நம்மிடமும் இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைச் சட்டம், 13ஆவது பிரிவு, இதையே சொல்கிறது. ஆகவே நீதிமன்றப் படியேறினால் பெரியப்பாவுக்கு ஆதாரம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் பையோடு நிற்கும் பெண் 13ஆவது பிரிவைப் படித்துவிட்டு மலையேறி வருவதில்லை. 'ஹிஸ்' என்று பார்த்ததும் ஓர் ஆணின் கால்தான் அவர் மனதில் வந்தது. சிரித்தார். அந்தச் சிரிப்பு மொழி மாறியதற்குச் சாட்சி.

பேச்சில் 'தெயர்' ஒருபோதும் போகவில்லை. எழுத்தில்தான் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கதவும் இப்போது திறந்துவிட்டது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக்கையேட்டில் 2017ல் சில இடங்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் வேதம்போல் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு 2019ல் முழுதாக ஏற்றது. அதே ஆண்டு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே 'தே' என்பதைத்தான். தன்னை ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லிக்கொள்ள விரும்பாதவர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கு வைத்துக்கொண்டதும் இதில் சேரும். எனவே உங்கள் முதல் வரி சரி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று படித்தவர்கள் அதை முகம் சுளிக்காமல் படிப்பார்கள்.

இந்த விஷயத்தில் தமிழனுக்கு ஆங்கிலேயனைவிடத் தெளிவாக இருக்க வசதி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் முதல் வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஒவ்வொருவரும் தங்கள் செருப்பை வெளியே விட வேண்டும்.' ஒவ்வொருவர் என்பது எண்ணிக்கையில் ஒருமை. தங்கள் என்பது பன்மை. யாராவது நெற்றியைச் சுருக்கினார்களா? நீங்கள் பலகையில் 'தெயர்' எழுதியபோது உங்கள் நாக்கில் ஓடியது இந்தத் 'தங்கள்'தான். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறார். 'ஒருவர் என்பது உயர்இரு பாற்றாய்ப் பன்மை வினைகொளும் பாங்கிற்று என்ப.' ஒருவர் என்ற சொல் ஆண், பெண் இரண்டுக்கும் பொது, அது பன்மை வினையையே கொள்ளும். ஆங்கிலேயர்கள் 250 ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சிக்கலுக்கு நம்மிடம் இரண்டே வரி. இதே கருத்து தொல்காப்பியத்திலும் உண்டு.

'அவர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறந்தபோது பன்மை. 'அவர் வந்தார்' என்றால் பலர் வந்தார்கள் என்று பொருள். மரியாதைக்காக ஒருவருக்குச் சொல்லத் தொடங்கினோம். பிறகு உண்மையான பன்மைக்குச் சொல் இல்லாமல் போகவே 'கள்' ஒட்டி 'அவர்கள்' ஆக்கினோம். அதையும் விடவில்லை, 'தலைமை ஆசிரியர் அவர்கள்' என்று ஒற்றை மனிதரின் தலையில் ஏற்றிவிட்டோம். தொல்காப்பியர் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வரும் உயர்சொல், இலக்கண நெறிப்படி வருவது அன்று என்று எழுதிவைத்தார். அந்த வரியில் இருக்கும் நிதானத்தைக் கவனியுங்கள். இலக்கணத்தில் இல்லை, ஆனால் மக்கள் வாயில் இருக்கிறது, இன்ன காரணத்துக்காக இருக்கிறது. அவ்வளவுதான். திட்டவில்லை, தடுக்கவில்லை.

இதற்கு நம் இலக்கணக்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சரியாக அமைந்தால் வழாநிலை. தவறினால் வழு. தவறுதான், ஆனால் காரணத்தோடு வந்து வழக்கில் நிலைத்துவிட்டது என்றால் வழுவமைதி. தன் பசு தொழுவத்துக்குள் வருவதைப் பார்த்து ஒருவன் மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணை வழு. பசு எப்படி உயர்திணை ஆகும்? ஆனால் உவப்பினால் சொன்னான், ஆகவே அமைதி என்று உரையாசிரியர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்த எங்களிடம் இரண்டு பெட்டிகள்தாம் இருந்தன. சரி, தவறு. தமிழாசிரியரோடு ஒரே ஓய்வறையில் 31 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தும் அவருடைய மூன்றாவது பெட்டியைக் கடன் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். 'இது இலக்கணமே அல்ல.' மரபு இலக்கணத்தின்படி அஃறிணை ஒருமைக்கு 'அன்று', பன்மைக்குத்தான் 'அல்ல'. இலக்கணம் ஒன்று, எனவே அவர் 'இலக்கணமே அன்று' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஒருமை பன்மை மயக்கத்தைக் கண்டித்த அந்த வாக்கியத்திலேயே ஒருமை பன்மை மயக்கம்! நாளிதழ்களும் இப்படித்தான் எழுதுகின்றன. நானும் பத்தில் ஒன்பது முறை 'அல்ல' என்றுதான் எழுதுவேன், இந்தப் பதிலுக்கு மட்டும் கவனமாக இருந்திருக்கிறேன். இதைச் சொல்லி அவரை மடக்காதீர்கள். மடக்கினால் உங்கள் வீட்டில் காபி கசக்கும்.

ஆங்கிலத்தில் நாம் பயந்து நடுங்கிய மற்ற விதிகள் பலவற்றுக்கும் வேர் இவ்வளவுதான். வாக்கியத்தை 'டு', 'வித்' போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பது 1672ல் டிரைடன் என்ற கவிஞர், நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளைக் குறைகூறியதிலிருந்து பரவியது. பிறகு தன் பழைய எழுத்திலேயே அந்த 'தவறுகளை' அவர் திருத்தினாராம். எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வராது, 'ஃபியூவர்'தான் என்பது 1770ல் ராபர்ட் பேக்கர் என்பவர் 'இது எனக்கு நன்றாகப் படுகிறது' என்ற அளவில் சொன்ன சொந்த விருப்பம். அடுத்த தலைமுறை அதைக் கல்வெட்டாக்கியது. 'டு' என்பதற்கும் வினைக்கும் நடுவே சொல் நுழையக் கூடாது என்ற விதி 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு, அதற்கு முந்தைய எழுத்தாளர்களுக்கு அப்படி ஒரு தோஷம் இருப்பதே தெரியாது.

இவர்களில் பெரிய பெயர் ராபர்ட் லவுத். 1762ல் அவர் எழுதிய சிறு இலக்கண நூல் பல பதிப்புகள் கண்டது. ஷேக்ஸ்பியர், மில்டன், ஏன், விவிலிய மொழிபெயர்ப்பு வரை பிழை பிடித்தார். முன்னிடைச்சொல்லில் முடிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதும்போது, நம் மொழி அதன் பக்கம் வெகுவாகச் சாய்கிறது என்று சொல்லி, அந்தக் கூற்றையே முன்னிடைச்சொல்லில் முடித்தார். குறும்பா, கைதவறலா என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். லவுத் பின்னாளில் லண்டன் பேராயர் ஆனார். ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு ராபர்ட், அவரும் பேராயர் ஆனவர், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். கால்டுவெல் எது தவறு என்று பட்டியல் போடவில்லை. இந்த மொழிகள் இப்படி இருக்கின்றன, இதற்கும் அதற்கும் இன்ன உறவு என்று பார்த்தார். நீலகிரித் தோடர் பேச்சையும் விடவில்லை. அவர் 1891ல் கண் மூடியது நம் கொடைக்கானலில்தான். இரண்டு வகை இலக்கணத்துக்கு இரண்டு ராபர்ட்டுகள். எனக்கு நம் மலையில் இறந்தவர்மேல் சற்றுப் பாசம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எழுத்துக்கூட்டல் விஷயத்தில் நம் ஊர் இன்னும் சுவாரசியமானது. 1845ல் இங்கே முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள். 1901ல் அமெரிக்கர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. மற்ற பள்ளிகளில் ஆங்கிலேய முறை. ஆக, 'கலர்' என்ற சொல்லில் 'யு' உண்டா என்பதற்கு இந்த ஊரில் ஏரியின் ஒரு கரையில் ஒரு பதிலும் மறுகரையில் வேறு பதிலும் கிடைக்கும். பள்ளத்தாக்கை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள். 1872ல் அந்தப் பாதையை அமைத்த லெப்டினன்ட் கோக்கரின் பெயரில் 'ஏ' உள்ள பலகை, இல்லாத பலகை, மேற்கமா உள்ளது, இல்லாதது என்று எல்லாம் இருக்கிறது. அதனால் ஒரு சுற்றுலாப் பயணிகூடப் பள்ளத்தில் விழுந்ததில்லை.

இனி 'டூ தி நீட்ஃபுல்'. சிரிப்பவர்களுக்குத் தெரியாத செய்தி, இது நாம் கண்டுபிடித்தது கிடையாது. பழைய ஆங்கிலேய அலுவலகக் கடிதங்களில் சாதாரணமாகப் புழங்கியது. அவர்கள் மறந்தார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதும் அப்படியே. அதிகாரிகளும் படையும் தங்கியிருந்த ஊருக்கு அந்நாளில் 'ஸ்டேஷன்' என்று பெயர். ஹில் ஸ்டேஷனில் இருக்கும் ஸ்டேஷனும் அதுதான். ஹில் ஸ்டேஷனில் வீடு வைத்திருக்கிற உங்களுக்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று எழுத எல்லோரையும்விட உரிமை அதிகம்.

நாமாகச் செய்தவையும் நம்மிடம் நிலைத்தவையும் உண்டு. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராக 'ப்ரீபோன்'. அழகான சொல், தேவையான சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2016ல் அதே அகராதி 'ஐயோ'வைச் சேர்த்தது, அடுத்த ஆண்டு சேர்த்த இந்தியச் சொற்களில் 'அண்ணா'வும் இருந்தது. சகலைக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லையென்று 'கோ-பிரதர்' செய்துகொண்டோம். மைத்துனன், கொழுந்தன், சகலை எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டும் ஆங்கிலச் சொல்லைவிட இது எவ்வளவோ மேல். 'ஐ யாம் ஃப்ரம் பழனி ஒன்லி' என்கிறோம். அந்த 'ஒன்லி' நம் 'தான்'. வெளிநாட்டுக்காரருக்கு அது 'பழனி மட்டும்' என்று கேட்கும், நமக்கு 'பழனிதான்' என்று கேட்கும். 'ஐ யாம் ஹேவிங் டூ ரூம்ஸ்' என்று நாம் எழுதினால் பிழை என்பார்கள். 2003லிருந்து மெக்டொனால்ட்ஸ் உலகெங்கும் அதே பிழையை விளம்பர வாசகமாக வைத்து பர்கர் விற்கிறது, 'ஐ யாம் லவ்விங் இட்' என்று. அங்கே அது நடை, இங்கே அது பிழை. கையில் காசு இருப்பவனின் பிழைக்குப் பெயர் வேறு.

ஆனாலும் உங்கள் மின்னஞ்சலில் 'நீட்ஃபுல்' வேண்டாம் என்பேன். பிழை என்பதற்காகச் சொல்லவில்லை. விருந்தினருக்கு அதில் ஒன்றும் விளங்குவதில்லை. எதைச் செய்ய வேண்டும்? முன்பணம் அனுப்பவா, அடையாள அட்டை அனுப்பவா? 'வியாழக்கிழமைக்குள் முன்பணம் 1000 ரூபாய் அனுப்புங்கள்' என்று நேராக எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பணமும் வரும். 'கைண்ட்லி ரிவர்ட்' என்பதும் அதே கதை. இந்திய அலுவலகத்தில் அது 'பதில் எழுது'. இலண்டனில் படிப்பவருக்கு 'பழைய நிலைக்குத் திரும்பு' என்று தோன்றலாம். யார் படிக்கப் போகிறார் என்று பார்த்து எழுதுங்கள். திண்டுக்கல் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் 'நீட்ஃபுல்' இல்லாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரி, இரவு 10 மணிக்கு மேல் நெருப்பு மூட்டக் கூடாது, அதில் குறையில்லை. மூன்றாவது வரியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'கேன்சலேஷன் பிஃபோர் 7 டேஸ் நோ ரீஃபண்ட்.' பெரியப்பாவின் சுண்ணக்கட்டி அதைத் தொடவே இல்லை. தம்பி, நீங்கள் சொல்ல வந்தது, வருகைக்கு 7 நாளுக்கும் குறைவாக இருக்கும் நிலையில் ரத்து செய்தால் பணம் கிடையாது என்பதுதானே? நீங்கள் எழுதியிருப்பதோ, 7 நாளுக்கு முன்பாகவே ரத்து செய்தால் பணம் கிடையாது என்று. அதாவது, நல்ல மனதோடு பத்து நாள் முன்னதாகச் சொன்னவருக்குப் பணம் இல்லை, முந்தின நாள் இரவு சொன்னவருக்கு உண்டு! 'ஏழு நாளுக்கு முன்' என்ற தமிழ்த் தொடரை அப்படியே இறக்கியதில் வந்த வினை. தமிழில் அந்தத் தொடர் எந்தப் பக்கமும் சாயும், கேட்பவர் சூழ்நிலையை வைத்துச் சரிசெய்துகொள்வார். ஆங்கிலத்தில் எழுதி, பணத்தோடு முடிச்சுப் போட்ட பிறகு அது சாயாது. விடாக்கண்டரான ஒரு விருந்தினர் இந்தப் பலகையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் நீங்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். 'தெயர்'க்காக ஒரு வாரம் சண்டை போட்ட வீட்டில் இதை ஒருவரும் பார்க்கவில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைத்தால் ஓர் அமெரிக்க வழக்கைச் சொல்கிறேன். மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள், மிகைநேரக் கூலி தரவில்லை என்று 2014ல் வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு மிகைநேரக் கூலி கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பதப்படுத்தல், உறையவைத்தல், உலர்த்தல், சேமித்தல் என்று போய், கடைசியில் 'அனுப்புவதற்காக அல்லது வினியோகத்துக்காகக் கட்டுதல்' என்றும் படிக்கலாம், 'அனுப்புவதற்காகக் கட்டுதல், அல்லது வினியோகித்தல்' என்றும் படிக்கலாம் என்ற மாதிரி ஒரு தொடர். 'ஆர்' என்பதற்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் இரண்டாவது பொருள் உறுதியாகியிருக்கும். இல்லை. ஓட்டுநர்கள் கட்டுவதில்லை, வினியோகம் மட்டும் செய்கிறார்கள். தொடர் தெளிவாக இல்லாததால் 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. ஒரு காற்புள்ளி.

நம் மொழியில் இந்த வழக்கே வந்திருக்காது என்று எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. 'கட்டுவதற்கும் வினியோகிப்பதற்கும்' என்று உம்மை ஒவ்வொன்றின் முதுகிலும் ஏறி உட்கார்ந்துவிடும். எது பட்டியலின் உறுப்பு, எது இல்லை என்று ஐயப்பட இடமே வைக்காது. எண்ணும்மை என்று பள்ளியில் உருப்போட்டோமே, அதன் அருமை எனக்கு ஓர் அமெரிக்கப் பால் வண்டியைப் பார்த்துத்தான் புரிந்தது.

தங்கையின் விஷயம் வேறு. பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பழைய விதியே செல்லும். 'ஈச் ஆஃப் தி பாய்ஸ்' என்று தொடங்கி 'தெயர்' வந்தால் அதைத்தான் பிழை என்று குறிக்க வேண்டும். தேர்வில் சாசரைக் காட்டி வாதாட முடியாது. இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்வுக்கு ஒன்று, வெளியே ஒன்று. நம் பிள்ளைகளுக்கு இது புதிதா என்ன? வீட்டில் ஒரு தமிழ் பேசி, நோட்டில் வேறு தமிழ் எழுதி வளர்ந்தவர்கள்தாமே. குறுஞ்செய்தியில் விருந்தினர்கள் பெரிய எழுத்தே இல்லாமல், முற்றுப்புள்ளி இல்லாமல் எழுதுகிறார்கள் என்றால் அதுவும் இன்னொரு கணக்கு. அங்கே நீங்கள் 'ஓகே' போட்டு ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தால் கோபமாக இருக்கிறீர்கள் என்று இளையவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என் பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பலகைக்கு வருவோம். மூன்றாவது வரியை இன்றைக்கே மாற்றுங்கள். 'வருகை நாளுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பின் ரத்து செய்தால் திரும்பாது' என்று இரண்டு வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். நீளம் பற்றிக் கவலைப்படாதீர்கள், பலகையில் இடம் இருக்கிறது. ஏப்ரல் கூட்டம் வருவதற்குள் சுண்ணக்கட்டியை விட்டுப் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள், நம் ஊர் மூடுபனிக்குச் சுண்ணக்கட்டி நிற்காது.

முதல் வரிக்கு 'தெயர்' வேண்டாம், 'ஹிஸ்' வேண்டாம். 'ப்ளீஸ் லீவ் யுவர் ஷூஸ் அவுட்சைட்'. நேராக வந்தவரைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆண், பெண், ஒருமை, பன்மை ஒரு தகராறும் இல்லை. பெரியப்பாவும் அதை மறுக்க மாட்டார். 'யூ' என்பதே ஒரு காலத்தில் பன்மைதான், ஒருவரிடம் பேச 'தவ்' என்ற வேறு சொல் இருந்தது, ஒரே ஆளைப் பார்த்து 'யூ' என்பது மகாப் பிழை என்று சொல்லி குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660ல் ஒரு புத்தகமே போட்டார் என்பதை மட்டும் இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டாம். பெயின்ட் காயட்டும்.